கொப்பரைக் களத்தில் கிளட்ச் மாற்றிய கதையும் கணக்கும்

கார் என்னுடையது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 2011 மாடல், ஜப்பான் தயாரிப்பு. இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். முன்னால் வி6 பெட்ரோல் இன்ஜின், பின்சக்கர ஓட்டம், ஆறு கியர் மேனுவல். கம்பெனி பெயர் இங்கே தேவைப்படாது. இதே அமைப்பில் உள்ள மற்ற கார்களுக்கும் கீழே வருவதில் பெரும்பகுதி பொருந்தும்.

61,000 கிலோமீட்டரில் கிளட்ச் போனது. அதை நானே மாற்றினேன். ஏழு வாரம் கழித்து அதே கியர் பாக்ஸைக் கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மறுபடியும் இறக்க வேண்டி வந்தது. ஒரே கார், ஒரே வேலை, இரண்டு இடம். வீட்டில் செய்யலாமா, மெக்கானிக்கிடம் விடலாமா என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நேரடியான ஒப்பீடு கிடைப்பது கஷ்டம். அதனால் பில்களை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

திருப்பூரில் சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். வட்ட நிட்டிங் மெஷினைப் பிரித்து மாட்டி, டயல் கேஜ் வைத்து நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் செட் பண்ணிப் பழக்கம் உண்டு. பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் நான் அசிங்கப்படும் இடத்தில் இது வேண்டியிருக்கும்.

புகார்

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும்போது 27 கொண்டை ஊசி வளைவு. லோடு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு பாதி வளைவுகளை ஹாஃப் கிளட்சிலேயே ஏறினேன். மேலே போய் நிறுத்தியபோது லைனிங், அதாவது கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பூச்சு, கருகிய வாடை. அடுத்த வாரம் பெருந்துறை தாண்டி பைபாஸில் ஐந்தாவது கியரில் எண்பதில் போய்க்கொண்டிருந்தேன். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் ஆர்பிஎம் முள் 2,500இலிருந்து 3,400க்குத் துள்ளியது. ஸ்பீடோமீட்டர் முள் அசையவில்லை. இன்ஜின் சுற்றுகிறது, அந்தச் சுற்று சக்கரத்துக்குப் போகவில்லை. ஸ்லிப்.

இன்ஜினோடு ஃபிளைவீல் சுற்றும். அதன்மேல் பிரஷர் பிளேட் போல்ட் போட்டு இருக்கும். இரண்டுக்கும் நடுவில் கியர் பாக்ஸ் ஷாஃப்டில் கோத்த கிளட்ச் பிளேட். பிரஷர் பிளேட்டில் உள்ள டயஃப்ரம் ஸ்பிரிங் அதை அமுக்கிப் பிடித்திருக்கும்வரை மூன்றும் ஒன்றாகச் சுற்றும். லைனிங் தேயத் தேயப் பிடி தளரும். முதல் கியரில் அழுத்தினால் கார் உடனே ஓடிவிடும், அதனால் தளர்ச்சி தெரியாது. டாப் கியரில் கார் அவ்வளவு சீக்கிரம் நகராது, இன்ஜின் தரும் முழு முறுக்கையும் பிளேட் தாங்கியாக வேண்டும். தேய்ந்த கிளட்ச் முதலில் டாப் கியரில்தான் காட்டிக்கொடுக்கும். ஹைட்ராலிக் கிளட்ச் தேய்மானத்தைத் தானாகவே சரிக்கட்டிக்கொள்வதால் பெடலை மிதித்துப் பார்த்துப் பெரிதாக ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

முந்தைய ஓனர் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டியவர் என்பதால் என் மச்சினன் பழியை அவர்மேல் போட்டான். எனக்கு அதில் உடன்பாடில்லை. டிராக்கில் சுற்றி வருவது கிளட்சை அவ்வளவாகத் தின்னாது. சிக்னலில் சக்கரம் புகைய எடுப்பதும், மலையில் ஹாஃப் கிளட்சில் நிற்பதும்தான் தின்னும். இரண்டாவது என் வேலை.

கொட்டேஷன்

கோவையில் வெளிநாட்டுக் கார்கள் பார்க்கும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் கேட்டேன். லேபர் 36,000 ரூபாய். பார்ட்ஸ் அவர்களே வரவழைத்தால் 1,72,000. ஆக 2,08,000. பார்ட்ஸும் அவர்களுடையது என்றால் ஆறு மாத வாரண்டி. அதற்குள் ஏதாவது ஆகி கியர் பாக்ஸை மறுபடி இறக்கினாலும் லேபர் கிடையாது. பார்ட்ஸ் நான் கொண்டுபோனால் லேபர் அதே 36,000, வாரண்டி மட்டும் இல்லை.

அந்த எஸ்டிமேட்டில் ஃபிளைவீலுக்குத் தனியாக ஒரு வரி இருந்தது. பில்லை ஏற்றுகிறார்கள் என்று நினைத்தேன். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பெடலை மிதித்ததும் அதன் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், இவ்வளவுதானே கிளட்ச் என்பது என் எண்ணம். நானே வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கிட் 82,000 ரூபாய்க்கு, கஸ்டம்ஸ் டியூட்டியும் கூரியரும் சேர்த்து, வீட்டுக்கு வந்துவிடும். 2,08,000 எங்கே, 82,000 எங்கே? அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்.

சங்ககிரியில் லாரி கியர் பாக்ஸ் இறக்கியே தலை நரைத்த மெக்கானிக் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். கார் வேலை தனக்கு ஒத்துவராது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆனால் நான்கு கனமான ஜாக்கி ஸ்டாண்டைக் கொடுத்து, இரண்டு சொன்னார். "ஹாலோ பிளாக்கை முட்டுக் குடுத்துக் கீழ போயிராத கண்ணு. அது உடையறப்ப சொல்லிட்டு உடையாது." இன்னொன்று: "எறக்குனா ஒரே மூச்சுல ஏத்தீரோணும். நடுவால ஒரு வாரம் விட்டீன்னா எது எங்கிருந்து வந்துச்சுன்னு உனக்கே மறந்துரும்." முதலாவதைக் கேட்டுக்கொண்டேன்.

களம்

தீபாவளிக்குத் திருப்பூரில் யூனிட்டெல்லாம் ஒரு வாரத்துக்கு மேல் மூடிக் கிடக்கும். என் வீட்டு போர்டிகோ டைல்ஸ் போட்டது, சரிவு வேறு. ஜாக்கி வைக்க லாயக்கில்லை. காங்கேயம் பக்கத்தில் மாமனாருக்குக் கொப்பரை உலர்களம் இருக்கிறது. கொப்பரையை அங்கே பருப்பு என்பார்கள். ஐப்பசி மழைக்குப் பருப்பு காயப்போடுவது குறைவு, களம் சும்மா கிடந்தது. கெட்டியான சிமெண்டுத் தரை, ஓரத்தில் தகரக் கொட்டகை. இதுவே ஆடி மாதமாக இருந்தால் அந்தக் காற்றுக்கும் புழுதிக்கும் கிளட்ச் பிளேட்டை வெளியில் எடுக்கவே முடியாது.

முதல் நாள் பேட்டரி வயரைக் கழற்றினோம். ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தொடப்போகிறவர்கள் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். அப்புறம் எக்ஸாஸ்ட் பைப். துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் இரவே ஸ்பிரே அடித்து வைத்திருந்தோம், இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது. அடுத்து, கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட். இங்கே முதல் தப்பு. கியர் பாக்ஸ் ஆயிலை முன்கூட்டியே வடிக்காமல் ஷாஃப்டை உருவினால், அது நுழைந்திருக்கும் பின்வாய் வழியாக ஆயில் கொட்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் மறந்தேன். மச்சினன் தட்டு எடுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் மாமனாரின் களத்தில் ஒரு குளம்.

இரண்டாம் நாள் முழுக்க கியர் பாக்ஸின் மேல்பக்க போல்ட்டுகளோடு போனது. பெல் ஹவுஸிங் என்பது கியர் பாக்ஸின் முன்னால் கிளட்சை மூடியிருக்கும் கூடு. அதன் உச்சியில் இருக்கும் போல்ட்டுகள் கீழே படுத்திருப்பவன் கண்ணுக்குத் தெரியாது. கியர் பாக்ஸின் வாலைக் கொஞ்சம் இறக்கிச் சாய்த்து, எக்ஸ்டென்ஷன் ராடுகளை ஒன்றோடு ஒன்று கோத்து ஒரு மீட்டர் நீளத்துக்குப் பின்னாலிருந்து செலுத்தி, தடவித் தடவி சாக்கெட்டைப் பொருத்த வேண்டும். ஐந்து மணி நேரம். தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் காரை வைத்துக்கொண்டு இதைச் செய்வதற்கும், காரைத் தலைக்குமேல் தூக்கி வைத்துக்கொண்டு நின்றபடி செய்வதற்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் லேபர் சார்ஜில் பாதி போகிறது என்று அன்றைக்கே புரிந்தது.

கியர் பாக்ஸ் அரைக் குவிண்டாலுக்குக் கிட்ட இருக்கும். அதற்கென்று இருக்கும் ஜாக்கியை வாடகைக்கு எடுத்திருந்தோம். கையில் தாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம். ஷாஃப்ட் பிளேட்டில் தொங்கினால் பிளேட் கோணும், நழுவினால் நெஞ்சில் விழும்.

கழற்றிப் பார்த்தால் லைனிங் ரிவெட் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது ஃபிளைவீல். முகமெல்லாம் நீலம் பாரித்து, தலைமயிர் மாதிரி வெடிப்புகள். சரி, லேத்தில் கொடுத்து ஒரு ஃபேசிங் போட்டுவிடலாம், கோயம்புத்தூர் ஜில்லாவில் லேத்துக்கா பஞ்சம் என்று கோவையில் கணபதி ஏரியாவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். லேத்துக்காரர் அதை பெஞ்சில் வைத்து இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்தார். கொஞ்சம் திரும்பி, ஸ்பிரிங் மாதிரி திரும்பி வந்தது. "இது ஒரே துண்டு இல்லீங்களே. ரெண்டு வீலு, நடுவால ஸ்பிரிங்கு. சக்குல புடிச்சு டூல வெச்சா ஆடுமுங்க. வேண்டாமுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கூலி வரும் வேலையை வேண்டாம் என்று சொன்ன ஆள்; அவர் கடை வாசலிலேயே ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

டியூவல் மாஸ் ஃபிளைவீல் என்பது அதுதான். இன்ஜினின் அதிர்வு கியர் பாக்ஸுக்குப் போகாமல் நடுவில் உள்ள ஸ்பிரிங்குகள் வாங்கிக்கொள்ளும். சூட்டில் கெட்டால் கடைந்து சரிசெய்கிற பண்டம் இல்லை, மாற்ற வேண்டும். கோவை எஸ்டிமேட்டில் தனியாக இருந்த அந்த ஒரு வரி எதற்கு என்று இப்போது தெரிந்தது. அவர்கள் பில்லை ஏற்றவில்லை. காரை ஏற்கெனவே பார்த்தவர்கள், அவ்வளவுதான்.

அதே மாதிரி ஃபிளைவீல் வாங்காமல், ஒரே துண்டாக வரும் ஃபிளைவீலை 56,000 ரூபாய்க்கு ஆர்டர் போட்டேன். இதில் ஒரு கண்டம் இருக்கிறது. டியூவல் மாஸுக்கு வரும் கிளட்ச் பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங் இல்லாமல் இருக்கலாம், ஏனென்றால் ஸ்பிரிங் ஃபிளைவீலிலேயே இருக்கிறது. ஒற்றைத் துண்டு ஃபிளைவீல் போட்டால் பிளேட்டில் ஸ்பிரிங் கட்டாயம் வேண்டும். நான் வாங்கியிருந்த கிட்டில் ஸ்பிரிங் வைத்த பிளேட் வந்திருந்தது என் சமர்த்தல்ல, அதிர்ஷ்டம். விற்றவரிடம் கேட்டு இரண்டும் சேரும் என்று உறுதி செய்துகொண்டேன்.

ஃபிளைவீல் வந்துசேர 16 நாள் ஆனது. யூனிட் திறந்துவிட்டது, நான் திருப்பூருக்குப் போய்விட்டேன். கார் நான்கு கால்களில் கொட்டகையில் நின்றது. அந்த இடைவெளியில் ஒரு நாள் மச்சினன், சும்மா இருக்க மாட்டாமல், பெல் ஹவுஸிங் முகத்தை ஒயர் பிரஷ் போட்டுப் பளபளவென்று துடைத்து வைத்தான்.

கார்த்திகையில் ஒரு சனி, ஞாயிறு. புது ஃபிளைவீலையும் பிரஷர் பிளேட்டையும் பிரேக் கிளீனரால் துடைத்து, அலைன்மென்ட் ராடு போட்டு பிளேட்டை நடுவில் நிறுத்தி, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, டார்க் ரெஞ்சில் முடித்தேன். பிளேட் கோத்து நிற்கும் ஷாஃப்ட் பற்களில், அதாவது ஸ்ப்ளைனில், கிரீஸ் தடவியது தெரியாத அளவுக்குத் தடவினேன். அதிகமானால் சுற்றும்போது தெறித்து லைனிங்கில் படும். இந்தக் காரில் ரிலீஸ் பேரிங்கும் அதைத் தள்ளும் ஹைட்ராலிக் சிலிண்டரும் ஒரே உருப்படியாக பெல் ஹவுஸிங்குக்குள், ஷாஃப்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். அதன் சீல் ஒழுகினால்கூட மொத்த கியர் பாக்ஸும் இறங்க வேண்டும். அதனால் பழையது நன்றாக இருந்தாலும் புதிதுதான் போட வேண்டும். போட்டேன். ஹைட்ராலிக் லைனில் ஏர் எடுத்தேன். பெடல் கல்லு மாதிரி நின்றது.

எல்லாம் ஏற்றிய பிறகு நட்டு டப்பாவில் ஒரு சின்ன இரும்புக் குழாய்த் துண்டு மிச்சம் இருந்தது. விரல் நுனி அளவு. எக்ஸாஸ்ட் கிளாம்ப்பில் இருந்து வந்த புஷ்ஷாக இருக்கும் என்று மச்சினன் சொன்னான். இருக்கும் என்று நானும் சொன்னேன்.

ஏழு வாரம்

கார் ஓடியது. ஸ்லிப் இல்லை. புது கிளட்சை ஐந்நூறு கிலோமீட்டராவது ஊருக்குள் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும் என்பதால் அவிநாசிக்கும் பல்லடத்துக்கும் அலைந்தேன். நியூட்ரலில் கடகடவென்று ஒரு சத்தம். அது ஒற்றைத் துண்டு ஃபிளைவீலின் குணம், கெடுதல் இல்லை என்று தெரியும். அந்தத் தெரிந்த சத்தம்தான் என்னைக் கெடுத்தது. 200 கிலோமீட்டரில் முதல் கியரிலும் ரிவர்ஸிலும் எடுக்கும்போது கார் குலுங்க ஆரம்பித்தது. புது பிளேட், பழகட்டும் என்றேன். காலையில் இரண்டாவது கியர் நறநறத்தது. ஆயில் சூடாகட்டும் என்றேன். பெடலை மிதித்தால் ஒரு கீச்சொலி. அதையும் ஃபிளைவீல் கணக்கில் எழுதினேன். ஏழாவது வாரம் கிளட்ச் ஆயில் டப்பாவில் அளவு இறங்கியிருந்தது. அப்போதுதான் பயம் வந்தது. ரெக்கவரி வண்டியில் ஏற்றி கோவைக்கு அனுப்பினேன், எஸ்டிமேட் கொடுத்த அதே இடத்துக்கு.

அங்கே இரண்டு பேர். கார் லிஃப்டில் ஏறியதிலிருந்து கியர் பாக்ஸ் கீழே இறங்கும்வரை இரண்டு மணி பத்து நிமிஷம். நானும் மச்சினனும் இதே இடத்துக்கு வர ஏறக்குறைய இரண்டு முழு நாள் எடுத்துக்கொண்டிருந்தோம். ஆயிலை முதலில் வடித்தார்கள். அதை மட்டும் நான் கவனிக்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய மெக்கானிக் இன்ஜின் முகத்தைத் துணியால் துடைத்து, விரலால் சுற்றிலும் தடவினார். "ஏனுங்க, டவல் ஒண்ணுதானுங்க இருக்குது. இன்னொண்ணு எங்கீங்க?"

என் பாக்கெட்டில் இல்லை, காங்கேயத்தில் டப்பாவில் இருந்தது.

இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் முகத்தில் இரண்டு டவல் பின்கள், குழாய் வடிவில். கழற்றும்போது ஒன்று இன்ஜின் பக்கம் தங்கியிருக்கிறது, இன்னொன்று கியர் பாக்ஸ் பக்க ஓட்டையோடு வந்திருக்கிறது. ஒயர் பிரஷ் போட்டபோது அது உதிர்ந்து டப்பாவுக்குப் போனது. "போல்ட்டு புடிக்கத்தானுங்க செய்யும். எடம் சொல்றது டவலுங்க" என்றார். போல்ட் ஓட்டையில் போல்ட்டைவிடக் கொஞ்சம் இடம் அதிகம் இருக்கும். அந்தக் கொஞ்சத்தில் கியர் பாக்ஸ் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. ஷாஃப்டும் கிராங்கும் ஒரே கோட்டில் இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் பிளேட் இழுபட்டிருக்கிறது. ஷாஃப்டின் நுனியைக் கிராங்கில் தாங்கும் பைலட் பேரிங் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது, ஸ்ப்ளைனில் கீறல், சிலிண்டர் சீலில் கசிவு. நிட்டிங் மெஷினில் டயலையும் சிலிண்டரையும் நூறில் ஒரு மில்லிமீட்டருக்குச் செட் பண்ணுகிறவன் நான். டவல் எதற்கு என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதே இல்லை. எடுத்தார், கேட்டுக்கொண்டேன்.

கணக்கு

கோவை பில்: லேபர் 32,000, சிலிண்டர் 11,500, பைலட் பேரிங் 1,900, ஆயில் வகையறா 3,600. ரெக்கவரி வண்டி 7,000. ஆக 56,000. களத்தில் ஆனது: பார்ட்ஸ் 82,000, ஃபிளைவீல் 56,000, டூல்ஸ் 13,500, ஜாக்கி வாடகை 2,000, ஆயில், கிளீனர் 3,500. ஆக 1,57,000. இரண்டும் சேர்த்து 2,13,000.

முதலிலேயே அவர்களிடம் விட்டிருந்தால் 2,08,000. ஐந்தாயிரம் ரூபாய் அதிகம் கொடுத்து, இரண்டு பேர் சேர்ந்து 34 மணி நேரம் முதுகைத் தரையில் தேய்த்திருக்கிறோம்.

டவலை மட்டும் விடாமல் போட்டிருந்தால் 51,000 மிச்சம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த 2,08,000க்குள் நான் பார்க்காத ஒரு பொருள் இருந்தது: இரண்டாவது முறை இறக்கும் கூலி. கிளட்ச் வேலையில் பிளேட்டோ பிரஷர் பிளேட்டோ பெரிய விஷயமில்லை. எந்தச் சின்னத் தப்பைச் சரிசெய்யவும் மொத்த கியர் பாக்ஸும் மறுபடி இறங்க வேண்டும், அதுதான் செலவு. ஒர்க்‌ஷாப்காரர் தப்பே செய்யமாட்டார் என்பதில்லை. செய்தால் அவர் செலவில் இறக்குவார். களத்தில் அது என் செலவு.

இப்படிப் பார்த்தால், நிறையப் பேர் புத்திசாலித்தனம் என்று நினைக்கும் நடுவழிதான் இருப்பதிலேயே மோசம். பார்ட்ஸை நாமே மலிவாக வாங்கிக் கொடுத்து, லேபர் மட்டும் மெக்கானிக்கிடம். என் கணக்கில் அது 1,74,000 வந்திருக்கும். ஆனால் ஏதாவது ஆனால் பார்ட்ஸ் சரியில்லை என்பார் அவர், மாட்டினது சரியில்லை என்போம் நாம். கியர் பாக்ஸ் அதுவரை மேலேயே இருக்கும்.

அடுத்த முறை என்ன செய்வேன் என்று மச்சினன் கேட்டான். முன்சக்கர ஓட்டம் உள்ள சின்ன காராக இருந்து, பழைய கிளட்சின் வரலாறு தெரிந்திருந்தால் களத்துக்கே போவேன். ஃபிளைவீலை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் தனிக் கவர் போட்டு, பிரிக்கிற ஒவ்வொரு முகத்தையும் போட்டோ எடுத்து, நான்கே நாளில் ஏற்றுவேன். இந்தக் காருக்கு என்றால் பார்ட்ஸும் லேபரும் ஒரே இடத்தில்.

கணக்கில் நான் எழுதாத இனம் ஒன்று உண்டு. களத்தில் கொட்டிய கியர் ஆயில். அத்தை சாம்பல் போட்டுப் பார்த்தார், மரத்தூள் போட்டுப் பார்த்தார், சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தும் பார்த்தார். சிமெண்டு குடித்தது குடித்ததுதான். அந்த வாடை பருப்பில் ஏறினால் எண்ணெய் மில்காரர் மூட்டையோடு திருப்பி அனுப்பிவிடுவார். தை பிறந்து மறுபடி பருப்பு காயப்போட்டபோது, மாமா அந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். ஆறடிக்கு எட்டடி. வேலைக்கு வந்த பெண்கள் என்னவென்று கேட்டதற்கு, "மாப்பள காரு நிறுத்தற எடம், அங்க கொட்டீராதீங்க அம்மிணி" என்றாராம்.